உப்பு எல்ஸ்பாவின் கையெழுத்து

வடக்கு அட்லாண்டிக் நடுவே தீவில் இருக்கும் எங்கள் தோர்ஸ்ஹாவனில் எல்ஸ்பா என்று பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த எல்ஸ்பா என்று திருப்பிக் கேட்பார்கள். பேக்கரி எல்ஸ்பா ஒருத்தி, பாதிரியார் வீட்டு எல்ஸ்பா ஒருத்தி, மூன்றாவதாக உப்பு எல்ஸ்பா. இவள் உப்பு விற்றவள் இல்லை. கடலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளந்தவள். இருபத்தேழு வருஷம் அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கடலுக்குப் போய் அளந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒருமுறை ஆய்வுக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. நாலு நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தாள். அதோடு சரி. அப்புறம் கடல்தான் அவளைத் தேடி வந்தது, பெட்டிக்கு இருபத்து நாலு கண்ணாடிப் புட்டிகளாக.

வருஷத்துக்கு நாலு தடவை கப்பல் போகும். ஒரே கோட்டில், ஒரே இடங்களில் நிற்கும். கம்பியில் கட்டிய சட்டத்தைக் கடலடி வரைக்கும் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் தண்ணீர் மொண்டு வருவார்கள். அந்தச் சட்டத்திலேயே ஒரு மின்கருவியும் இருக்கிறது. நொடிக்கு நொடி உப்பைச் சொல்லும். ஆனால் கருவி நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்ல ஆரம்பிக்கும். எவ்வளவு பொய் என்று தெரிய வேண்டுமானால் மொண்டு வந்த தண்ணீரை அளக்க வேண்டும். ஆகக் கடைசி வார்த்தை எல்ஸ்பாவுடையது. ஆய்வகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு அவள் அதைச் சொன்னாள்.

அந்த அறைக்குள் யாரையும் லேசில் விடமாட்டாள். நாலு பேர் வந்து மூச்சு விட்டால் அறை சூடாகிவிடும், சூடானால் அளவு கெடும். புட்டிகள் வந்ததும் ஒரு முழுநாள் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அளக்கும் குழாயை ஒவ்வொரு புட்டித் தண்ணீராலும் மூன்று முறை அலச வேண்டும். பெட்டியைத் தொடங்குமுன் இங்கிலாந்திலிருந்து வரும் மூடி முத்திரையிட்ட குப்பி ஒன்றைப் புதிதாக உடைக்க வேண்டும். அதிலுள்ள தண்ணீரின் உப்பு இவ்வளவு என்று மேலேயே அச்சடித்திருக்கும். அதைக் காட்டித்தான் அளக்கும் இயந்திரமான உப்புமானிக்குப் புத்தி சொல்ல வேண்டும். பெட்டி முடிந்ததும் இன்னொரு குப்பி. தாளின் அடியில் கையெழுத்து. இருபத்தேழு வருஷத்தில் இதில் ஒன்றைக்கூட அவள் தாண்டியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அவள் புருஷன் யாஸ்பர் தூண்டில் படகுக்காரன். வீட்டில் இருக்கும் நாட்களில் அவனுக்குப் பொழுதுபோக்கே பெண்டாட்டியைச் சீண்டுவதுதான்.

"ஊரெல்லாம் மீன் புடிக்குது, என் பொண்டாட்டி தண்ணி புடிக்கிறா. ஏண்டி, கடல்ல உப்பு இருக்குன்னு கண்டுபிடிக்க இத்தனை வருஷமா?"

"இருக்கான்னு பார்க்கல. குறையுதான்னு பார்க்கறேன்."

"குறைஞ்சா நம்ம வீட்டுலேருந்து ஒரு கை அள்ளிப் போட்டாப் போச்சு."

"சிரி, நல்லா சிரி. குளிர்காலம் முச்சூடும் உன் ஆடு வெளியில நின்னு பச்சைப் புல்லு மேயுதே, யாரு தயவு? தெற்கேருந்து வெதுவெதுன்னு வர்ற தண்ணி தயவு. அது வடக்கே போய்க் குளிருது. குளிர்ந்த உப்புத் தண்ணி கனமாகி அடியில இறங்குது. இறங்கினது நம்ம காலுக்குக் கீழ பள்ளத்து வழியா திரும்பத் தெற்கே ஓடுது. அது போனாத்தான் மேல புதுசு வரும். வடக்கே பனி உருகி, மழை கூடி, நல்ல தண்ணி வந்து கலந்துச்சுன்னா கனம் குறைஞ்சுரும். கனம் குறைஞ்சா இறங்காது."

"இறங்கலன்னா?"

"உன் ஆட்டை வீட்டுக்குள்ள கட்டி, உன் தட்டுலயே சோறு போடு."

யாஸ்பர் அதற்கும் சிரித்தான். ஆனால் படகில் அதே கதையைத் தானே கண்டுபிடித்தது போல மற்றவர்களுக்குச் சொன்னான் என்று பிற்பாடு தெரிந்தது.

மேல்தண்ணீரின் எண் அவளுக்கு மனப்பாடம். முப்பத்தைந்து புள்ளி மூன்று ஒன்று, அதாவது ஒரு கிலோ கடல்தண்ணீரில் இத்தனை கிராம் உப்பு. ஒரு வருஷம் மூன்று இரண்டு, ஒரு வருஷம் இரண்டு ஒன்பது. எங்கே போனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும் ஆடு மாதிரி அந்த எண் திரும்பி வந்துவிடும். 2015 இலையுதிர் காலத்துப் பெட்டிகள் வந்தபோது திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து புள்ளி இரண்டு மூன்று.

நீங்களோ நானோ நாக்கில் விட்டுப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. எல்ஸ்பாவுக்குத் தெரிந்தது. இயந்திரத்தை அணைத்தாள், குழாயைக் கழுவினாள், மறுநாள் புதுக் குப்பி உடைத்து அடுத்த பெட்டியை ஓட்டினாள். இரண்டு மூன்று. அதற்கடுத்த பெட்டி. இரண்டு இரண்டு. ஆறு பெட்டிகளும் ஒரே பாட்டைத்தான் பாடின.

இங்கேதான் அந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். அந்த வாரம் புயல். சரக்குக் கப்பல் நாலு நாள் வரவில்லை, குப்பிகள் தீர்ந்துவிட்டன. நான்காவது பெட்டி அறைச் சூட்டுக்கு வந்து காத்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை உடைத்த குப்பியில் பாதி மிச்சம் இருந்தது. வாயை இறுக்கி அடைத்துத்தான் வைத்திருந்தாள். அதை எடுத்து அந்த ஒரு பெட்டியை மட்டும் ஓட்டினாள். ஓட்டிவிட்டு, அவள் புத்தி அப்படி, தாளின் ஓரத்தில் எழுதியும் வைத்தாள்: முந்தைய நாள் திறந்த குப்பி. எழுதாமல் விட்டிருந்தால் கேட்க நாதி இருந்திருக்காது. எழுதினாள், அதுவே அவளுக்கு எமனாயிற்று.

பிரிவின் தலைவனாக அப்போது ரோக்வி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நம்ம ஊர்ப் பையன்தான், வெளிநாட்டில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்தவன். முப்பத்தாறு வயது. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு மனசாறத் தூங்கலாம். அவன் தாள்களை அள்ளிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கி வந்தான்.

"எல்ஸ்பா, இது நடக்காது. ஒரு வருஷத்துல இவ்வளவு இறங்கினதா உலகத்துல பதிவே இல்ல."

"எனக்கும் தெரியும். அதனாலதான் திருப்பித் திருப்பி ஓட்டினேன்."

"ஓரத்துல என்னமோ எழுதியிருக்கீங்களே. திறந்த குப்பி."

"ஒரு பெட்டிக்கு. ஒரே ஒரு பெட்டிக்கு."

"திறந்து வெச்ச குப்பில தண்ணி ஆவியாப் போகும். மிச்சம் இருக்கறதுல உப்பு ஏறிடும். அதைக் காட்டி இயந்திரத்தைத் திருத்தினா எல்லாப் புட்டியும் உப்பு கம்மின்னுதான் சொல்லும். இது உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சரிப்பா, மத்த அஞ்சு பெட்டி? அதுக்கெல்லாம் புதுசுதானே உடைச்சேன். கப்பல் கருவியும் அதையேதானே சொல்லுது?"

"கருவி ரெண்டு வருஷமா சரிபார்க்கத் தொழிற்சாலைப் பக்கமே போகல, அதை யாரு நம்புவா? மத்த பெட்டிக்கும் பழசையே போட்டுட்டு எழுத மறந்திருக்கலாம் இல்ல?"

"நான் மறக்க மாட்டேன்."

"எல்லாரும் மறக்கறவங்கதான்," என்றான் ரோக்வி, மிகவும் அன்பாக. அந்த அன்புதான் அவளுக்கு எரிந்தது.

அன்று சாயங்காலமே அவள் ஒரு குப்பியை உடைத்து, பாதியை அடைத்து வைத்து, மறுநாள் காலை அளந்தாள். மூன்றாவது தசம இடத்தில் இரண்டு ஏறியிருந்தது. தொலைந்துபோன உப்போ அதைப்போல நாற்பது மடங்கு. தாளைக் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தாள். அவன் பார்த்தான், தலையாட்டினான், ஒரு நாள் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றான்.

பிறகு விஷயத்துக்கு வந்தான். சேர்ந்து கடலை அளக்கும் கூட்டு நாடுகளுக்கு அறிக்கை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. விளக்கம் இல்லாமல் இந்த எண்களை அனுப்பினால் அவர்கள் அந்தப் பருவம் முழுவதையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். அட்டவணையில் ஓட்டை விழும். இன்ன பிழை நடந்தது என்று எழுதிக் கொடுத்தால் குறைந்த புள்ளி பூஜ்யம் எட்டைக் கூட்டித் திருத்தி, இருபத்தாறு வருஷ எண் வரிசையைக் காப்பாற்றிவிடலாம்.

"கூட்டிப் போடறதா?"

"திருத்தம் எல்ஸ்பா. நீங்க அளந்த எண் அப்படியே பக்கத்துக் கட்டத்துல இருக்கும். அதை யாரும் தொட மாட்டாங்க."

அவள் மூன்று நாள் யோசித்தாள். யோசித்தாள் என்பதைவிடத் தன்னைத்தானே குடைந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கே அந்த எண்ணை நம்ப முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரே இடத்துக்குத் திரும்பி வந்த கடல் திடீரென்று வழி மாறுமா, அல்லது அறுபத்தொரு வயதுக்காரி ஒருத்தி கை தடுமாறியிருப்பாளா? எது நடக்கக்கூடியது? யாஸ்பரைக் கேட்டாள். வறுவலை மென்றுகொண்டே, "கடலு என்ன உன் சூப்பா, திடீர்னு உப்பு குறைய?" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஓட்டை. இருபத்தாறு வருஷத்தில் அவள் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. பிள்ளை பெற்ற வருஷத்தில்கூட வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து அளந்தாள். நாலாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். "இப்பருவத்து மாதிரிகளில் திறந்த குப்பிகள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம். அளந்தவரின் செயல்முறைப் பிழை." கீழே அவள் முழுப்பெயர்.

ஐயாயிரம் மைல் தள்ளிப் போயிருந்தாலும் அந்தச் செய்தி அவளைப் பிடித்திருக்கும். எங்கள் ஊரில் ஒரு தெரு தள்ளினால் போதும். வியாழக்கிழமைப் பின்னல் குழுவில் முதல் ஆளாக மல்லாதான் தொடங்கினாள். பள்ளிக்கூடத் தோழி, நாக்கு மட்டும் கத்தரிக்கோல்.

"எல்ஸ்பா, இந்தக் கேக்குல உப்பு சரியா இருக்கான்னு பாரு. இல்ல வேண்டாம், நீ பார்க்காதே."

ஊசிகள் நின்றன. எல்லோரும் சிரித்தார்கள். எல்ஸ்பாவும் சிரித்தாள். மீன்கடையில் கருவாட்டை நிறுத்தவன், "உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணடித்தான். அவளைப் பெருமையாகக் கூப்பிட்டு வந்த அடைமொழியே இப்போது கிண்டலாகிவிட்டது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் அடிக்க மாட்டோம். இப்படித்தான் தோலை உரிப்போம். வசந்தகாலம் வந்ததும் அவள் வேலையை விட்டாள். வழியனுப்பு விழாவில் ரோக்வி பூங்கொத்தும் ஒரு கம்பளிப் போர்வையும் கொடுத்து, "வரிசையின் தாய்" என்று பேசினான். பெட்டிகளை அதற்கப்புறம் வேறு நாட்டுக்கு அனுப்பி அளக்க ஏற்பாடாயிற்று.

அங்கே அளந்தவர்களுக்கும் இரண்டு மூன்றுதான் வந்தது. அடுத்த வருஷம் இரண்டு ஒன்று. தெற்கே ஸ்காட்லாந்துக் கப்பலுக்கும், மேற்கே ஐஸ்லாந்துக் கப்பலுக்கும் அதே கதை. வடக்கு அட்லாண்டிக் முழுக்க உப்பு இறங்கியிருந்தது. இறங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தது ஜன்னல் இல்லாத அந்த அறை. பார்த்தவளோ தான் குருடி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

2018இல் ஒரு மத்தியானம் எல்ஸ்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வானொலியில் ரோக்வி பேசினான். பன்னிரண்டு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையாம், வெளிநாடுகளில் பெரிய பேச்சாம். "இதன் முதல் அறிகுறியை 2015 இலையுதிர் காலத்திலேயே நாங்கள் கண்டோம்," என்றான். கையில் கத்தியோடு அவள் அப்படியே நின்றாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. என் கை தடுமாறவில்லை, என் கை தடுமாறவில்லை என்று அடுப்பைப் பார்த்து இரண்டு தடவை சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பின்னால் வந்தது அந்த 'நாங்கள்'. அடுப்பை அணைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தாள்.

ரோக்வி எழுந்து வந்து கட்டிக்கொண்டான், காப்பி ஊற்றினான். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"உங்க எண்ணை அப்படியே திரும்பப் போட்டுட்டோம் எல்ஸ்பா. கூட்டின எட்டை எடுத்தாச்சு. நீங்க சந்தோஷப்படணும்."

"பட்டேன். அந்த வரி இருக்கா இன்னும்?"

"எந்த வரி?"

"நடிக்காதே. நான் கையெழுத்துப் போட்ட வரி."

அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். இருந்தது. உலகத் தரவு மையத்துக் கோப்பில், எண்களுக்குத் தலைமாட்டில், அவள் பெயரோடு. இனி யார் எந்த நாட்டில் அந்த வரிசையைத் திறந்தாலும் முதலில் படிப்பது அதைத்தான்.

"அழி."

"நான் அழிக்க முடியாது. அது நீங்க சொன்னது. நீங்கதான் எழுதித் தரணும், அன்னிக்கு எழுதினது உண்மை இல்லன்னு." காகிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு தயங்கினான். "ஒண்ணு மட்டும் யோசிச்சுக்கோங்க. எழுதித் தந்தா தரவு மையத்துல ஒருத்தர் எல்லாத்தையும் மறுபடியும் பரிசோதிப்பார். இந்தம்மா உண்மை இல்லாத தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? இருபத்தேழு வருஷத் தாள்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு."

"போடச் சொன்னது நீ."

"ஆமா. அதையும் எழுதுங்க. நான் மறுக்க மாட்டேன். என் வேலைக்கு ஆபத்து வந்தா வரட்டும்." அவன் பொய் சொல்லவில்லை. "ஆனா 2015லேருந்து அளக்க எத்தனையோ பேர் இருக்காங்க. அதுக்கு முன்னாடி இங்க நீங்க ஒருத்தர்தான். அதுல சந்தேகம் வந்துட்டா, எங்கேருந்து இறங்கிச்சுன்னே சொல்ல முடியாது. இறங்கவே இல்ல, எல்லாம் சும்மா கதைன்னு சொல்றதுக்குன்னே ஒரு கூட்டம் காத்துக்கிட்டு நிக்குது."

எல்ஸ்பா பேனாவை எடுத்தாள். தேதி எழுதினாள். அதற்குமேல் கை நகரவில்லை. அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஊர்க்காரி என்றால் பெயருக்காக நிற்கலாம், அளந்தவள் என்றால் எண்ணுக்காகத்தான் நிற்க வேண்டும். இரண்டும் ஒருத்தியாக இருந்து தொலைத்தாளே, அதுதான் வினை. அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. தன்னையும்.

"நான் அளந்த பழசையெல்லாம் உன் கட்டுரையில போட்டிருக்கியா?"

"அது இல்லாம கட்டுரையே இல்ல."

"அப்போ இருக்கட்டும்," என்று சொல்லிக் காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். காப்பியைத் தொடவில்லை.

அந்த வியாழன் பின்னல் குழு மல்லா வீட்டில். எல்லோரும் வானொலி கேட்டிருந்தார்கள். எல்ஸ்பா நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே பேச்சு அடங்கியது அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியில் உட்காரும்வரை மல்லா பொறுத்தாள். அவளுக்கு அதுவே அதிகம்.

"ஏய் எல்ஸ்பா, கடல்ல நெசமாவே உப்பு குறைஞ்சிருச்சாமே. அப்போ அன்னிக்கு நீ தப்புப் பண்ணலையா?"

ஏழு பெண்கள் அவளைப் பார்த்தார்கள். இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். காப்பி ஆறுவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும், மீன்கடைக்காரன் வாயை மூடுவான், யாஸ்பர் படகில் தலை நிமிர்ந்து பேசுவான். அதே வார்த்தை அடுத்த நாள் வானொலிக்காரர்கள் காதுக்கும் போகும். அப்படியானால் கையெழுத்து ஏன் போட்டாய் என்று மைக்கை நீட்டுவார்கள். மல்லாவின் தங்கை மகன் வேலை பார்ப்பதே அங்கேதான்.

"கடலும் குறைஞ்சுது," என்றாள் எல்ஸ்பா. "நானும் தப்புப் பண்ணினேன்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். குப்பியைத் திறந்து வெச்சுட்டேன். கவனக்குறைவு."

அறுபத்து நாலு வயதில், கண்ணைப் பார்த்து, தெரிந்தே அவள் சொன்ன முதல் பொய் அது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்படி இருக்காதே என்று ஒருத்தியாவது சொல்வாள் என்று ஒரு கணம் காத்திருந்தாள்.

"அதானே பார்த்தேன்," என்றாள் மல்லா, நிம்மதியாக. கேக்குத் தட்டை இந்தப் பக்கம் தள்ளினாள்.